கடல் விட்டுவைத்த பெயர்

பிரிட்டன் தீவின் மேற்கில் இருப்பது வேல்ஸ் நாடு. அதன் வடமேற்கு மூலையில் உள்ள கைர்நார்வன் நகரிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் டினாஸ் டின்லெ என்ற சிற்றூர் வரும். அதற்கும் தெற்கே கூழாங்கற்கள் நிறைந்த கரையில் நின்று மேற்கே பார்த்தால், பெரும்பாலான நாட்களில் வெறும் கடல்தான் தெரியும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் நன்றாக உள்வாங்கும்போதுதான், கரைக்கு அப்பால் கருத்த கற்கள் சில பாசி போர்த்துக்கொண்டு தலைகாட்டும். ஓதம் திரும்பியதும் அவை மறைந்துவிடும். அந்தக் கற்குவியலுக்கு வரைபடத்தில் ஒரு பெயர் உண்டு: கைர் அரியன்ரோட். அரியன்ரோட்டின் கோட்டை என்று பொருள். கோட்டை கட்டியிருந்த ஒரு தீவு அங்கே இருந்தது, ஒரு நாள் கடலுக்குள் போய்விட்டது என்று அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள்.

கோட்டையைத் தேடிப் போனவர்களுக்குக் கல்தான் கிடைத்தது. பெயரைத் தேடிப் போனால் கிடைப்பது அதிகம்.

முதலில் 'கைர்' என்ற பாதி. வேல்ஸ் மொழியில் இதற்குக் கோட்டை என்று பொருள். கார்டிஃப் என்று நாம் அறிந்த தலைநகரின் உள்ளூர்ப் பெயர் கைர்தீத். கைர்நார்வன் என்றால் 'ஆர்வன் நாட்டில் உள்ள கோட்டை'. ஆர்வன் என்பது எதிரே இருக்கும் மோன் தீவை நோக்கிய நிலம். கைர்நார்வனில் ரோமானியர் காலத்துப் படைமுகாம் ஒன்று உண்மையிலேயே இருந்ததால், இந்தச் சொல்லும் 'காஸ்ட்ரா' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். ஒலி ஒத்துப்போகவில்லை என்பதைப் பின்னால் மொழியறிஞர்கள் கண்டுகொண்டார்கள். இது ரோமானியர் வருவதற்கு முன்பே இருந்த சொந்தச் சொல். 'கய்' என்ற வேல்ஸ் சொல்லுக்கு உடன்பிறந்தது. 'கய்' முதலில் வேலியைக் குறித்தது, பிறகு வேலிக்குள் அடைபட்ட வயலைக் குறித்தது. தஞ்சைப் பக்கத்து வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடைப்பைக் குறித்த 'வேலி' என்ற நம் சொல்தான் இருபது மா நிலத்துக்கும் பெயராயிற்று. அங்கே வேலியிலிருந்து ஒரு கிளை வயலுக்கும் இன்னொரு கிளை கோட்டைக்கும் போயிருக்கிறது.

அடுத்த பாதி 'அரியன்ரோட்'. இதைப் பிரித்துப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் விம்முகிறது. 'அரியன்' என்றால் வெள்ளி. 'ரோட்' என்றால் சக்கரம். 'அரியன்' என்ற சொல்லுக்கு லத்தீனில் 'அர்ஜென்டும்' உறவு, அர்ஜென்டினா என்ற நாட்டுப் பெயர் வந்த அதே சொல். வடமொழியில் 'ரஜதம்' உறவு. 'ரோட்' என்ற சொல்லுக்கு லத்தீனில் 'ரோட்டா', ஜெர்மனில் 'ராட்', வடமொழியில் 'ரதம்'. சக்கரம் என்ற பொருள் வடமொழியில் சக்கரம் பூட்டிய வண்டிக்கு நகர்ந்துவிட்டது. ஆக, ஐரிஷ் கடலோரத்தில் பாசி பிடித்துக் கிடக்கும் ஒரு பாறைத்திட்டின் பெயரில் இருக்கும் இரண்டு சொற்களுக்கும் உறவினர் வடமொழி வழியாக நம் பேச்சுக்குள்ளும் வந்து குடியிருக்கிறார்கள். மதுரை வெள்ளியம்பலத்துக்கு 'இரசத சபை' என்றொரு பெயர் உண்டல்லவா? அந்த இரசதமும், தேரடியில் நிற்கும் இரதமும்தான் அந்த உறவினர். இவை தமிழின் சொந்த வேர்ச்சொற்கள் அல்ல, கடனாக வந்தவை. ஆனாலும் உறவு மெய்யானது, ஒலிமாற்ற விதிகளால் நிறுவப்பட்டது. இன்றைய வேல்ஸ் மக்கள் கடையில் கொடுக்கும் பணத்தையும் 'அரியன்' என்றே சொல்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்கள் டாலரையும் ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்று சொல்வதைக் கேட்டவருக்கு அந்தப் பொருள் வளர்ச்சி சட்டென்று புரியும்.

'வெள்ளிச் சக்கரம்' என்ற பொருள் கிடைத்ததும் பலர் அதை வானத்தில் ஏற்றிவிட்டார்கள். வெள்ளிச் சக்கரம் என்றால் நிலா, ஆகவே அரியன்ரோட் நிலாத் தெய்வம் என்று கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எழுதப்பட்டவை ஏராளம். ராபர்ட் கிரேவ்ஸ் 1948-இல் வெளியிட்ட 'வெள்ளைத் தெய்வம்' என்ற நூலுக்குப் பிறகு அது கிட்டத்தட்ட முடிந்த முடிவாகவே ஆகிவிட்டது. ஆனால் அவள் வரும் மூலக்கதையில் நிலா பற்றி ஒரு சொல்லும் இல்லை. வானத்தோடு அவளுக்கு இருக்கும் மெய்யான தொடர்பு வேறு. வடமகுடம் என்று நாம் சொல்லக்கூடிய, அரைவட்டமாக நட்சத்திரங்கள் அமைந்த கூட்டத்துக்கு வேல்ஸ் மொழியில் கைர் அரியன்ரோட் என்றே பெயர். பால்வீதிக்கு அவள் அண்ணன் குவிதியோனின் கோட்டை என்று பெயர். கடலில் மறைந்ததாகச் சொல்லப்படும் கோட்டை மேகமில்லாத இரவில் தலைக்கு மேலே நிற்கிறது.

பொருள் இவ்வளவு அழகாக அமைந்துவிட்டால் சொல்லாராய்ச்சி செய்பவன் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மபினோகி என்று அழைக்கப்படும் பழங்கதைத் தொகுதியின் நான்காம் கிளையில்தான் இவள் வருகிறாள். அதன் முழுமையான பழைய படிகளில் ஒன்று, சுமார் 1350-இல் எழுதப்பட்ட 'ரத்தெர்க்கின் வெள்ளை நூல்'. அங்கே அவள் பெயர் 'அரன்ரோட்' என்றே வருகிறது. 'அரியன்' என்பதில் உள்ள இகரம் இல்லை. அப்படியானால் முற்பாதி வெள்ளியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதே வடக்கு வேல்ஸில் 905 மீட்டர் உயரத்தில் நிற்கும் அரன் வவ்த்வி மலையின் பெயரில் உள்ள 'அரன்' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கும் அறிஞர்களும் உண்டு. பருத்துத் திரண்ட மேடு என்பது போன்ற பொருள் அதற்குச் சொல்லப்படுகிறது. எனக்கு 'அரன்ரோட்' தான் பழைய வடிவம் என்று படுகிறது. பொருள் தெரிந்த சொல் மக்கள் வாயில் பொருள் தெரியாத சொல்லாக மாறுவதைவிட, பொருள் மறந்துபோன சொல் பொருள் தெரிந்த சொல்லாக மாறுவதே அதிகம். 'அரன்' என்ற ஒலி மங்கியபோது, பக்கத்திலேயே பளபளவென்று கிடந்த 'அரியன்' அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அப்படி வந்தாலும் அது பொய்ப் பெயர் ஆகிவிடாது. பல நூறு ஆண்டுகளாகப் படித்தவர்கள் அந்தப் பெயரில் வெள்ளியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இனி கதைக்கு வருவோம். கோட்டையின் பெயரை ஆராயப் போனவனுக்கு அந்தக் கதையில் காத்திருப்பது பெயர் சூட்டும் கதையே.

அரியன்ரோட்டுக்கு ஒரு மகன். அவள் அவனை ஏற்கவில்லை. அண்ணன் குவிதியோன் மந்திரவித்தைக்காரன். மருமகனை அவனே வளர்த்து ஒருநாள் கோட்டைக்கு அழைத்துப் போகிறான். இவன் யார் என்று கேட்கிறாள். உன் மகன் என்கிறான். பெயர் என்ன என்கிறாள். இன்னும் இல்லை என்கிறான். அவமானம் மேலிட அவள் ஒரு தளையிடுகிறாள்: நான் பெயரிட்டால் ஒழிய இவனுக்குப் பெயரே கிடையாது. பெற்றவளின் வாய்ச்சொல், மீற முடியாது.

குவிதியோன் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த பாசியையும் கடற்பூண்டையும் எடுத்து ஒரு கப்பல் செய்கிறான். மிச்சப் பாசியை உயர்ந்த தோலாக மாற்றுகிறான். தன் உருவத்தையும் பையனின் உருவத்தையும் மாற்றிக்கொண்டு, செருப்புத் தைப்பவர்களாகக் கோட்டை வாசலில் கப்பலை நிறுத்துகிறான். அரியன்ரோட் கால் அளவைக் கொடுத்தனுப்புகிறாள். வேண்டுமென்றே பெரிதாகத் தைத்து அனுப்புகிறான். அடுத்தது வேண்டுமென்றே சிறிதாக. பாதத்தை நேரில் பார்க்காமல் இனி தைக்க மாட்டேன் என்று சொல்லி விடுகிறான். அவளே இறங்கிக் கப்பலுக்கு வருகிறாள். அவன் தோலை வெட்டிக்கொண்டிருக்க, பையன் தைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் ரென் என்ற மிகச் சிறிய குருவி ஒன்று மேல்தளத்தில் வந்து அமர்கிறது. பையன் எறிகிறான். எறிந்தது அதன் காலில், நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே போய்த் தைக்கிறது. அரியன்ரோட் சிரித்துவிடுகிறாள். இந்த ஒளிநிறத்தான் கை எவ்வளவு தேர்ந்த கை என்று தன்னை மறந்து சொல்லிவிடுகிறாள்.

அவ்வளவுதான், பெயர் வந்துவிட்டது. லெய் லாவ் கஃபெஸ். லெய் என்றால் ஒளியன், லாவ் கஃபெஸ் என்றால் கைதேர்ந்தவன். அந்த நொடியே தோலெல்லாம் மறுபடி பாசியாகிவிடுகிறது. ஒரு தாய் மறுத்த பெயர் அவளையும் அறியாமல் அவள் வாயிலிருந்தே உதிர்ந்த இந்தக் காட்சிக்கு இணையான பெயர்சூட்டுக் கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்தப் பெயரின் முதல் எழுத்து நம் வாய்க்கு வராத ஒலி. 'ல்' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் இரு பக்கமும் ஊதினால் வரும். அந்தப் பெயர்தான் கரையில் நிற்கும் குன்றுக்கும் ஒட்டியிருக்கிறது. கதைப்படி பையனை வளர்க்கக் குவிதியோன் கூட்டிப்போனது டினாஸ் டின்லெவுக்கு. 'டின்' என்றால் கோட்டை, 'லெ' என்பது தேய்ந்த லெய். பழைய வடிவம் டின்லெய், லெய்யின் கோட்டை. கொஞ்சம் உள்நாட்டில் உள்ள நான்ட்லெ பள்ளத்தாக்கும் அவன் பெயரால் வந்ததே. டின்லெவில் உள்ள 'டின்' மறந்துபோனபின், அதே வேரில் பிறந்த 'டினாஸ்' என்ற சொல்லை முன்னால் வைத்துவிட்டார்கள். கோட்டை, லெய்யின் கோட்டை என்று இரண்டு முறை சொல்வதாகிவிட்டது. நாம் மதிலையும் சுவரையும் சேர்த்து மதில்சுவர் என்கிறோமே, அதுபோல. இன்றைய வேல்ஸ் மொழியில் 'டினாஸ்' என்பதற்கு நகரம் என்றே பொருள் ஆகிவிட்டதால், புதிதாக வருபவர் ஊர்ப்பலகையைப் பார்த்து அங்கே ஒரு மாநகரை எதிர்பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த லெய்யின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஐரோப்பா முழுவதும் நடக்க வேண்டும். அயர்லாந்தில் அவன் லூக், நீண்ட கையன். பழைய 'கால்' நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், லுகுஸ் என்ற தெய்வம். கி.மு. 43-இல் ரோமானியர் குடியேற்றமாக நிறுவப்பட்ட லுக்துனும் என்ற நகரம்தான் இன்றைய லியோன். லுக்துனும் என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் 'லுகுஸின் கோட்டை' என்று பிரிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் லியோனும் டின்லெவும் ஒரே பெயர். ஒன்றில் தெய்வம் முன்னாலும் கோட்டை பின்னாலும், மற்றதில் கோட்டை முன்னாலும் தெய்வம் பின்னாலும் நிற்கின்றன.

இன்னொரு சான்று ஸ்பெயினிலிருந்து வருகிறது. அங்கே சோரியா மாநிலத்தில் உள்ள ஓஸ்மா என்ற ஊரில் ரோமானியர் காலத்து லத்தீன் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. லுகோவெஸ் என்று பன்மையில் குறிக்கப்பட்ட தெய்வங்களுக்கு உரிய அர்ப்பணிப்பு அது. அதை அளித்தவர் பெயர் உர்சிகோ என்று முடிகிறது. அவர் அதை யாருக்காக அளித்தார்? செருப்புத் தைப்பவர்களின் சங்கத்துக்காக. கல்வெட்டில் அப்படித்தான் வெட்டியிருக்கிறது. லுகுஸின் பெயரும் செருப்புத் தைக்கும் தொழிலும் ஒரே கல்லில் இருக்கின்றன. அதற்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, வெகு தொலைவில் உள்ள ஒரு தீவின் கதையில், லுகுஸின் பெயரைப் பெறும் பையன் செருப்புத் தைத்துக்கொண்டிருக்கிறான். கப்பல் காட்சியைக் கதைசொல்லி சுவைக்காகப் புனைந்தார் என்று இனி எப்படிச் சொல்வது? பாசியைத் தோலாக்கிய அந்தக் கதைக்குள், கதை சொன்னவருக்கே தெரியாத ஒரு பழைய வழிபாட்டின் நினைவு கிடந்திருக்க வேண்டும்.

அரியன்ரோட்டுக்கு இன்னொரு மகனும் உண்டு. பிறந்து பெயரிட்ட உடனே கடலுக்குள் போய் மீனைப்போல் நீந்தினான், அவன் காலடியில் எந்த அலையும் உடைந்ததில்லை என்கிறது கதை. அவன் பெயர் டிலன். அதே கரையில் மைன் டிலன், டிலனின் கல், என்று ஒரு பெருங்கல் இன்றும் நிற்கிறது. 1914-இல் ஸ்வான்ஸியில் பிறந்த ஒரு குழந்தைக்கு அவன் தந்தை இந்தக் கதையிலிருந்து பெயரெடுத்து வைத்தார். அந்தக் குழந்தைதான் கவிஞர் டிலன் தாமஸ். அவர் கவிதையைப் படித்த ராபர்ட் ஸிம்மர்மன் என்ற அமெரிக்க இளைஞர் அந்தப் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டார். பாப் டிலன் என்று 2016-இன் நோபல் பரிசு அறிவிப்பில் ஒலித்த பெயர், இந்தப் பாறைத்திட்டுக்கு எதிரே கடலில் இறங்கிய அந்தக் குழந்தையின் பெயர்தான்.

கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடலில் மூழ்கியது பற்றி மபினோகி எதுவும் சொல்லவில்லை. தீவு என்றுகூட அழுத்திச் சொல்லவில்லை. குவிதியோன் முதல்முறை போனபோது படகு பற்றிய பேச்சே இல்லை. பையனுக்கு அவளிடமிருந்து ஆயுதம் வாங்கப் போனபோது இருவரும் பாணர் வேடத்தில் குதிரை ஏறிப் போகிறார்கள். கப்பல் வருவது செருப்புக் காட்சியில்தான். ஆகவே மத்திய காலத்துக் கதைசொல்லியின் மனத்தில் அந்தக் கோட்டை கரையோரத்தில் இருந்திருக்க வேண்டும். அதைக் கடலுக்குள் கொண்டுபோனவர்கள் ஊர்மக்கள்.

அவர்கள் சொன்ன கதையைச் சேகரித்தவர் ஜான் ரீஸ். 1840-இல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்து, 1877-இல் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் கெல்ட் மொழிப் பேராசிரியர் ஆனவர். 1901-இல் வந்த அவருடைய நாட்டார் வழக்காற்று நூலில் இது இருக்கிறது. கோட்டை இருந்த அந்த ஊர் அக்கிரமத்தால் அழிந்தது என்பது கதை. மூன்று சகோதரிகள் மட்டும் சாமான் வாங்கக் கரைக்கு வந்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஊர் இல்லை. போக இடமில்லாமல் மூவரும் மூன்று இடங்களில் தங்கிவிட்டார்கள். மூத்தவள் இளையவள் என்ற விவரமெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை, பெயர்தான் தேவைப்பட்டது: குவென்னன், எலன், மைலன். குவென்னனின் கல்லறை, எலனின் சிறுகாணி, மைலனின் பொட்டல் என்ற பொருளில் மூன்று இடப்பெயர்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. வயல்வெளிப் பெயர்கள் மூன்றுக்கும் விளக்கம் வேண்டியிருந்தது, எதிரே கடலில் கற்கள் தெரிந்தன, கதை பிறந்துவிட்டது. அந்தப் பெண்களை 'டோன்' என்பவளின் வழியினர் என்று ஊரார் சொன்னதையும் ரீஸ் குறித்து வைத்தார். டோன்தான் மபினோகியில் அரியன்ரோட்டின் தாய். ஏட்டைத் தொட்டறியாதவர்கள் அந்தத் தாய்வழியை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள்.

கோட்டையின் பெயர் அவர்கள் வாயில் எப்படி இருந்தது என்பது இன்னும் சுவையானது. 'கைர் அரியன்ரோட்' என்ற ஏட்டு வடிவத்தை அவர்கள் அறியவில்லை. 'திரெகார் அந்த்ரெக்', 'திரெகன் அன்ரெக்' என்பன போன்ற வடிவங்களையே சொன்னார்கள். 'திரெ' என்றால் ஊர். 'கைர்' தேய்ந்து கார், கன் ஆகி, கோட்டை என்ற பொருள் மங்கிப்போனபின், ஊர் என்ற சொல் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. டினாஸ் டின்லெவில் நடந்ததேதான் இங்கும் நடந்திருக்கிறது. 'அன்ரெக்' என்ற முடிவில் வேல்ஸ் காதுக்கு 'பரிசு' என்ற சொல் கேட்கும். அரன்ரோட் வெள்ளிச் சக்கரமானது படித்தவர் கையில், பரிசானது மீனவர் வாயில். இரண்டுமே ஒரே வேலைதான்: பொருள் போன இடத்தில் பொருளை நட்டு வைத்தல்.

அந்தக் கற்கள் மனிதர் அடுக்கியவையா? அல்ல. வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய நிலவியலாளர் எஃப். ஜே. நார்த், 1957-இல் 'மூழ்கிய நகரங்கள்' என்ற நூலில் இத்தகைய கடற்கரைக் கதைகளையெல்லாம் எடுத்து ஆராய்ந்தார். பனியூழிக் காலத்துப் பனியாறுகள் மலையிலிருந்து உருட்டிவந்து விட்டுப்போன கற்கள் அவை. இடையில் இருந்த மண்ணைக் கடல் அரித்துவிட, கனத்தவை மட்டும் தங்கிவிட்டன. சுவர் இல்லை, வாசல் இல்லை, அரியன்ரோட் இறங்கி வந்த படியும் இல்லை.

மெய்யான கோட்டை கரையில் இருக்கிறது. டினாஸ் டின்லெ குன்றின் மேல் இரும்புக் காலத்து மக்கள் மண்கரை எழுப்பி, நடுவே அகழி வெட்டி ஒரு கோட்டை அமைத்தார்கள். சுற்றிலும் தாழ்ந்த சதுப்புநிலம், மேற்கே கடல். மழைக்காலத்தில் உள்நாட்டிலிருந்து பார்த்தால் தீவு என்றே தோன்றியிருக்கும். 2019-இல் தொல்லியலாளர்கள் அங்கே மணலை அகற்றியபோது, சுமார் 13 மீட்டர் விட்டத்தில் கனத்த கற்சுவர் கொண்ட வட்டவீடு ஒன்று வெளிப்பட்டது. குன்று பாறையால் ஆனதல்ல. அதுவும் பனியாறு கொட்டிய மண்ணும் மணலும் கூழாங்கல்லுமே. அடியில் அலை தட்டத் தட்ட மேலே சரிகிறது. கிழக்குப் பக்கம் மண்கரையும் அகழியும் முழுசாக வளைந்து வந்து, கடல் பக்கத்துச் செங்குத்துச் சரிவில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. கோட்டையின் மேற்கு மதில் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது.

மூழ்காத கோட்டையை மூழ்கியதாகச் சொன்ன கதை பக்கத்திலேயே வழங்கிவந்தது, மெய்யாகவே மூழ்கிக்கொண்டிருக்கும் கோட்டைக்கு அப்படியொரு கதை பிறக்கவில்லை. என் கணிப்பு இதுதான்: குன்று இடிந்து விழுவதைத் தலைமுறைதோறும் பார்த்த மக்களின் நினைவுதான், எதிரே கற்களைக் கண்டதும் அந்தப் பெயரின்மேல் ஏறி அமர்ந்தது. இதற்குச் சான்று கேட்டால் என்னிடம் கல்வெட்டு இல்லை. ஒரே கதையின் தாயும் மகனும், எதிரெதிரே நிற்கும் இரண்டு இடங்களுக்குப் பெயராக இருக்கிறார்கள் என்பதை மட்டுமே காட்ட முடியும்.

வேல்ஸ் பக்கம் போக வாய்ப்புள்ளவர்கள் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, கடல் மிகவும் வற்றும் நாளில் டினாஸ் டின்லெ குன்றேறிப் பாருங்கள். சரிவின் விளிம்புக்குப் போக வேண்டாம், மண் நிற்காது. தெற்கே கடலுக்குள் கற்கள் தெரிந்தால் அதுதான் கைர் அரியன்ரோட். நீங்கள் நிற்பது அவள் மகனின் கோட்டையில். அடுத்த முறை வரும்போது அதில் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும்.